மண்டிக்காரரின் பாஸ்வேர்ட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் வரவேற்புக் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு தென்னூர் ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். மைக் வேலை செய்யவில்லை. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி முழுக்கத் தேடியும் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் கேக்கை வெட்டி, ஆளுக்கொரு சமோசா கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டதால் எழுதித் தருகிறேன். படிக்க நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பில்ட் ஓடி முடிகிறவரை நீங்கள் போனில் என்ன பார்க்கிறீர்கள் என்பதை அன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து நானும் பார்த்தேன்.

ஓய்வு பெறும்வரை இந்தக் கம்பெனியில் என் வேலை வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்வது. அதாவது, நீங்கள் உடைத்ததை அவர்களிடம் போய்ச் சொல்வேன். அவர்கள் திட்டியதை உங்களிடம் வந்து சொல்வேன். போகும்போது கொஞ்சம் குறைத்துச் சொல்வேன், வரும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். இத்தனை வருடம் கம்பெனி ஓடியது அப்படித்தான்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அப்போதைய மேலாளர். அவர் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஏன் என்பது படித்தால் புரியும். ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண் காய்வதற்குள் பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்துவிடுவார். யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டால்கூட "க்ஷமிக்கணும்" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் இழுப்பார். சர்வர் படுத்துவிட்டால் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கத்துவோம். அவர் மட்டும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்பார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து ஒரு வசைச்சொல் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரைத்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

வாயிலிருந்து வரவில்லைதான். விரல் வழியாக வந்தது.

காந்தி மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் ஒருவர் எங்களிடம் வந்தார். லாரியில் வந்து இறங்கும் கத்தரியையும் வெண்டையையும் தக்காளியையும் மளிகைக் கடைகளுக்கும் மெஸ்களுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் மொத்தமாகக் கொடுப்பவர். தினமும் விடிந்ததும் அன்றைய விலை எல்லா வாடிக்கையாளருக்கும் எஸ்.எம்.எஸ்.ஸில் போக வேண்டும். அவர்கள் போனிலேயே வெப்சைட்டைத் திறந்து ஆர்டர் போட வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தேவை. எளிய வேலை. ஆனால் மனிதர் எளியவர் இல்லை. பேரம் பேசாமல் அவரால் மூச்சுகூட விட முடியாது.

வேலை முடிந்து காட்டிய அன்று, அவர் திரையை உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பச்சைக் கலர் வேணாம்னா எவ்வளவு கொறைப்பீங்க?"

"கலருக்குன்னு தனியா எதுவும் போடலைங்க," என்றேன்.

"அப்ப காசு போடாதது வேற என்னென்ன இருக்கு? அதையெல்லாம் சேர்த்துருங்க."

அதோடு விட்டாரா? மண்டி லீவு விடும் நாளில் சர்வரை அணைத்து வைத்தால் கரண்டு மிச்சம்தானே, அதைக் கழித்துக்கொள்ளலாமே என்றார். எஸ்.எம்.எஸ். அனுப்பித் தருவதற்கென்று இருக்கும் கம்பெனியில் எங்கள் பெயரில் கணக்கு வைத்தால் நடுவில் நாங்கள் ஏதாவது வைத்துக்கொள்வோம் என்று, கணக்கைத் தன் பெயரிலேயே, தன் போன் நம்பரிலேயே திறக்கச் சொன்னார். மேலாளர் மதியம் முழுவதும் கைகட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், கணக்குக்கு ஒரு பாஸ்வேர்ட் வேண்டும், தாங்களே சொன்னால் தேவலை என்று பணிவாகக் கேட்டார்.

மண்டிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்களே ஏதாச்சும் போட்டுக்குங்க சாமி. அதுக்குன்னு தனியா காசு கேக்காம இருந்தா சரி."

மேலாளர் அவரைக் கும்பிட்டு வழியனுப்பினார். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணக்கைத் திறந்து முடித்தார். என்ன பாஸ்வேர்ட் வைத்தார் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அது சர்வரில் இருக்கும் அமைப்புக் கோப்பில் போய் உட்கார்ந்தது. மண்டியின் முகவரி, போன் நம்பர் எல்லாமும் அதே கோப்பில்தான் இருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சர்வரில் இருப்பது வீட்டுக்குள் இருப்பது. வாடிக்கையாளர் போனில் போய்த் திறப்பது தெருவில் இருப்பது. பில்ட் என்பது, தெருவுக்குப் போக வேண்டியதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டும் வேலை. நீங்கள் எதைக் கேட்டாலும் அது மூட்டையில் போடும். இது எதற்கு, இதில் வேறென்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று திருப்பிக் கேட்காது. கட்டும்போது எழுத்தையெல்லாம் நெருக்கிச் சுருக்கிவிடுவதால் பார்க்கக் கோழி கிளறியதுபோல் இருக்கும். அதனால் யாருக்கும் படிக்க வராது என்று நினைத்துவிடுவீர்கள். தேடத் தெரிந்தவனுக்குக் கோழி கிளறியதும் அச்சுப் புத்தகமும் ஒன்றுதான்.

சில மாதங்கள் கழித்து மண்டிக்காரர் ஒரு மாற்றம் கேட்டார். வெப்சைட்டின் எல்லாப் பக்கத்திலும் அடியில் மண்டியின் போன் நம்பர் தெரிய வேண்டும். அந்த வேலை சங்கரியிடம் போனது. சங்கரி அப்போதுதான் சேர்ந்திருந்தாள். இன்றைக்கு உங்களுக்கெல்லாம் தலைவியாக இருந்து மிரட்டுகிறவள்தான். இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நம்பர் எங்கே இருக்கிறது என்று தேடினாள். அமைப்புக் கோப்பில் கிடைத்தது. நம்பரை மட்டும் எடுக்காமல், முழுக் கோப்பையும், தெருவுக்குப் போகும் திரைப்பக்கத்து நிரலுக்குள் இழுத்துவிட்டாள். நம்பர் அழகாகத் தெரிந்தது. மண்டிக்காரர் பார்த்துவிட்டு, எழுத்து இன்னும் பெரிதாக இருக்கலாம், அதற்கும் காசா என்று கேட்டார். எல்லோரும் சந்தோஷமாக அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

பிறகு ஒருநாள் காலையில், நான் ஆபீசுக்குள் நுழைகிறேன், மண்டிக்காரரிடமிருந்து போன்.

"மேடம், நான் எப்ப கத்தரிக்கா இலவசம்னு சொன்னேன்?"

"இலவசமாங்க?"

"நீங்க அனுப்புன மெசேஜ்தான். 'இன்று நமது மண்டியில் கத்தரிக்காய் இலவசம், முந்துங்கள்'னு எல்லாருக்கும் போயிருக்கு. மண்டி வாசல்ல பந்திக்கு நிக்குற மாதிரி பையோட நிக்குறாங்க. என் சம்சாரமே போன் பண்ணி, நமக்கு ரெண்டு கிலோ எடுத்து வைங்கன்னு சொல்லுது."

நாங்கள் அனுப்பவில்லை என்பது சர்வரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்படியானால் வேறு யாரோ அவர் பாஸ்வேர்டை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எப்படிக் கிடைத்தது? சங்கரி வெப்சைட்டைத் திறந்து, போனுக்குப் போகும் அந்த மூட்டைக் கோப்பை விரித்தாள். திரை நிறைய ஒன்றும் புரியாத எழுத்துக் குவியல். தேடிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். அத்தனை குவியலுக்கும் நடுவே, ஆங்கில எழுத்தில், முதல் எழுத்து பெரியதாக, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியும் சேர்த்து, பளிச்சென்று ஒரே ஒரு தமிழ்ச் சொல்.

கஞ்சப்பிசிநாரி.

"மேடம், இது என்ன மேடம்?" என்றாள் சங்கரி. நான் மேலாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நெற்றியில் திருமண்ணைத் தவிர மற்ற இடமும் வெளுத்திருந்தது.

"பெரிய அபசாரம் பண்ணிட்டேன்," என்றார் மெதுவாக. "அன்னிக்கு மனசு ஒரு நிலையில இல்லை. கடவுச்சொல்லுங்கறது யார் கண்ணுக்கும் படாத விஷயமாச்சேன்னு நினைச்சேன்."

அவர் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மனதுக்குள் திட்டுவதற்கும் பாஸ்வேர்டில் திட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அது உள்ளேயே இருக்கும்வரை.

சங்கரிக்கு அந்தச் சொல்லைப் பற்றிய கவலையே இல்லை. தன் வேலை போய்விடும் என்ற பயத்தில் அவள் விரல்கள் பறந்தன. அந்த ஒரு வரியை மாற்றி, நம்பரை மட்டும் தனியே வைத்து, மறுபடி பில்ட் போட்டு ஏற்றிவிட்டாள். "எடுத்துட்டேன் மேடம். இப்ப தேடினா வராது. முடிஞ்சிருச்சு," என்றாள். கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் மேலாளர் மறுபடி மேலாளர் ஆனார். "முடியலைம்மா," என்றார். "இதுவரைக்கும் போனது போனதுதான். எத்தனை பேர் போன்ல அது இறங்கி உக்காந்திருக்கோ, நமக்குத் தெரியாது. சாவி வெளியில போயாச்சு, இனிமே பூட்டைத்தான் மாத்தணும். யார் தப்புங்கறதை அப்புறம் சாவகாசமா பேசிப்போம். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, கண்ணைத் தொடைச்சுக்கோ."

பிள்ளைகளே, நான் சொல்ல வந்த தொழில் பாடம் முழுவதும் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. வெளியே போன ரகசியத்தை அழித்துவிட்டதாக நினைப்பது வெறும் மன ஆறுதல். அந்த ரகசியத்தைச் செல்லாததாக ஆக்குவதுதான் வேலை. சில கருவிகளில், அமைப்புக் கோப்பில் உள்ள ஒரு மதிப்பின் பெயருக்கு முன்னால் ஓர் அடையாளம் சேர்த்தால்தான் அது தெருவுக்குப் போகும் என்று விதி வைத்திருப்பார்கள். ஏதோ வேலை செய்யவில்லை என்று நீங்கள் எல்லாப் பெயருக்கும் முன்னால் அந்த அடையாளத்தைப் போட்டுவிட்டு, இப்போது வேலை செய்கிறது என்று டீ குடிக்கப் போவீர்கள். போவதற்கு முன்னால், பில்ட் கட்டிய மூட்டையை முன்பின் தெரியாத ஆளைப்போல ஒருமுறை நீங்களே பிரித்துத் தேடிப் பாருங்கள்.

சரி, பூட்டை மாற்றப் போனால் அங்கே ஒரு சிக்கல். அந்த எஸ்.எம்.எஸ். கம்பெனியில் பாஸ்வேர்டை இணையத்தில் மாற்ற முடியாது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே, பதிவு செய்த தன் நம்பரிலிருந்து கூப்பிட்டு, பழைய பாஸ்வேர்டை வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் புதியது. பாதுகாப்பாம். கணக்கோ மண்டிக்காரர் பெயரில். அதாவது, மண்டிக்காரர் தன் வாயால், ஒரு முகம் தெரியாத பெண்ணிடம், தான் ஒரு கஞ்சப்பிசிநாரி என்று சொன்னால்தான் அவருடைய மண்டி பிழைக்கும்.

மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. "அவரோட போனை மட்டும் வாங்கிண்டு வந்துட்டா, அடியேனே அவர் மாதிரி பேசிடலாம்," என்றார். எங்கே, பேசிக் காட்டுங்கள் என்றேன். அவர் நெஞ்சை நிமிர்த்தி, குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"ஏம்மா! நான் மண்டிலேர்ந்து பேசறேன். சித்த பாஸ்வேர்டை மாத்தணும். சிரமத்துக்கு க்ஷமிக்கணும்."

அத்தனை பதற்றத்திலும் சங்கரி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் பெயரில் ஒருவன் பொய்யாக மெசேஜ் அனுப்பினான் என்று நாம் குதித்துக்கொண்டிருக்கிறோம், அதைத் தீர்க்க நாமும் அவர் பெயரில் பொய்யாகப் பேசலாமா? மேலாளரிடமே இதைக் கேட்டுவிட்டேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான். "நியாயம்," என்றார். தானும் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் சார், நீங்கள் வந்தால் உங்கள் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று தடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்தேன்.

தென்னூரிலிருந்து காந்தி மார்க்கெட் என்ன தூரம்! ஆனால் அன்றைக்கு அந்த ஆட்டோவில் நான் யோசித்ததுபோல் வாழ்க்கையில் வேறு எப்போதும் யோசித்ததில்லை. அந்தச் சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடலாமா? கம்ப்யூட்டர் தானாக வைத்தது என்று சொல்லலாமா? அவர் போனில் பேசும்போது பக்கத்தில் இல்லாமல் நழுவிவிடலாமா? எல்லாவற்றிலும் ஒரே ஒரு வசதிதான் இருந்தது. எதிலும் அவர் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்காது.

மண்டியில் கூட்டம் கலைந்திருந்தது. கத்தரிக்காய்ச் சாக்குகள் காலியாகச் சுருண்டு கிடந்தன. மண்டிக்காரர் தராசுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கூட்டத்தைத் திருப்பி அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க அனுப்புறது? வந்த கத்தரிக்கா பூராவும் குடுத்துட்டேன்."

"சும்மாவா?"

"என் பேர் போட்டு வந்துருச்சுங்களே மேடம். இது நான் அனுப்பலைன்னு இன்னைக்குச் சொன்னா, நாளைக்கு நான் அனுப்புற ரேட்டை எவன் நம்புவான்?"

மனிதர் தன் பெயருக்காக ஒரு லாரிக் கத்தரிக்காயை வாரிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், நான் அவருக்கு நாங்கள் வைத்த பெயரை வாயில் வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறேன். உள்ளே போய்ப் பேசலாமா என்று கேட்டேன். "நம்ம மண்டில என்னங்க ரகசியம்? இங்கயே சொல்லுங்க," என்றார். சுற்றிலும் மூட்டை தூக்குகிறவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

நடந்ததைச் சொன்னேன். தவறு எங்களுடையது, உங்கள் பாஸ்வேர்ட் வெளியே தெரியும்படி ஆகிவிட்டது, யாரோ எடுத்து விளையாடியிருக்கிறார்கள், மாற்றும்வரை இன்னும் விளையாடலாம் என்றேன். அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"நாளைக்கு முகூர்த்தம்ங்க. அத்தனை மண்டபத்துச் சமையல்காரங்களும் என் மெசேஜைப் பார்த்துத்தான் வருவாங்க. நாளைக்கு வெங்காயம் இலவசம்னு அவன் போட்டான்னா, நான் மண்டியை மூடிட்டுப் போக வேண்டியதுதான். என்ன செய்யணும் இப்ப?"

"நீங்க அந்தக் கம்பெனிக்கு போன் பண்ணி, பழைய பாஸ்வேர்டைச் சொல்லணும்."

"அவ்வளவுதானே? என்ன பாஸ்வேர்ட்?" என்று போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஐயா, அது உங்களைப் பத்தி மரியாதை இல்லாம வச்ச வார்த்தை. வச்சது எங்க தப்பு. அதை உங்க வாயால சொல்ல வைக்கிறதுக்கு முன்னாடி, நானே உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் நேர்ல வந்தேன்."

"என்ன வார்த்தை?"

சொன்னேன். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது.

"கேக்கலைங்க."

மறுபடி சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க மேடம், இது மார்க்கெட்டு!"

"கஞ்சப்பிசிநாரி!" என்று கத்திவிட்டேன்.

தலையில் மூட்டையோடு போனவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மண்டிக்காரர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அத்தனை வருட வேலையில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

"யாரு வச்சது?" என்றார்.

"எங்க ஆபீஸ்தாங்க."

"ஆபீஸ்னா செவுரா? ஆளு யாரு? அந்தச் சின்னப் பொண்ணா?"

"இல்லைங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். தப்புக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன், ஆளைக் காட்டிக்குடுக்க வரல. என்னைத் திட்டுங்க."

அவர் போனை என் பக்கம் நீட்டினார். பிறகு, "திட்டு எங்க போயிரப்போவுது, அப்புறம் வச்சுக்கலாம். நம்பரைப் போடுங்க," என்றார்.

மண்டிக்காரர் போனைக் காதில் வைத்துப் பேசி நான் பார்த்ததில்லை. முகத்துக்கு நேரே தாம்பாளம் மாதிரி பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரில்தான் பேசுவார். அன்றும் அப்படித்தான். எதிர்முனையில் ஒரு பெண் குரல், பயிற்சி கொடுத்த பணிவோடு வந்தது.

"வணக்கம் சார். பாதுகாப்பு கருதி தங்கள் ரகசியச் சொல்லைக் கூற முடியுமா?"

மண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "கஞ்சப்பிசிநாரி."

"சார்?"

"கஞ்சப்பிசிநாரிம்மா."

"சார், தயவுசெஞ்சு மரியாதையா பேசுங்க. இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது."

"அட, உன்னைச் சொல்லலம்மா. என்னைச் சொல்றேன்."

"உங்களையா சார்?"

"ஆமா. நான்தான் கஞ்சப்பிசிநாரி. இங்க மார்க்கெட்டுக்கே தெரியும். உங்க கம்ப்யூட்டர்லயும் எழுதியிருக்காம், நல்லாப் பாரு."

தட்டச்சு ஓசை கேட்டது. சிறிது நேரம் கழித்து அந்தப் பெண், "ஆமாம் சார். உறுதியாயிருச்சு சார்," என்றாள். அந்தப் பணிவு மட்டும் குறையவே இல்லை. "கடைசியில ஒரு குறி இருக்கு, அதையும் சொல்லிடுங்க சார்."

"ஆச்சரியக்குறி," என்று நான் கிசுகிசுத்தேன்.

"இதுல ஆச்சரியப்படுறதுக்கு என்ன இருக்கு?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, போனில் அதையும் சொன்னார். மூட்டையோடு நின்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டார். எதிர்க்கடைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மண்டிக்காரர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"புதிய ரகசியச் சொல் என்ன சார்?" என்று கேட்டது குரல்.

அப்போது அவர் செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதோடு ஒட்டி வைத்தார். எழுந்து, சாக்கு அடுக்கியிருந்த மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். எங்கள் கம்பெனியில் எத்தனையோ பாதுகாப்பு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அந்த அளவு கவனமாக ஒருவரும் ஒரு ரகசியத்தைக் கையாண்டு நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்து, என்னைக் குனியச் சொல்லி, என் காதில் அந்தப் புதுச் சொல்லைச் சொன்னார். "சர்வர்ல நீங்களே அடிங்க. வேற யாருக்கும் சொல்லக் கூடாது. முக்கியமா, அந்த நாமம் போட்ட சாமி கண்ணுல படக் கூடாது," என்றார். நான் முகத்தை எவ்வளவோ இறுக்கமாகத்தான் வைத்திருந்தேன். அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்கவே பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன். "ஐயா, எங்களை விட்டுட்டு வேற கம்பெனிக்குப் போயிடுவீங்களா?"

"வேற ஆளுகிட்ட போனா மறுபடி முதல்லேர்ந்து பேரம் பேசணும்," என்றார். பிறகு தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "போன்லயே எதையாச்சும் சொல்லி மழுப்பியிருந்தீங்கன்னா இன்னைக்கே முடிச்சிருப்பேன். வந்து மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. சரி, போங்க," என்றார்.

நான் நகரவில்லை. "அத்தனை கத்தரிக்காயும் குடுத்திருக்கீங்க. உங்களைப் போய் இப்படிச் சொல்லிட்டோமே," என்றேன்.

"எனக்கு அதுலதான் கோவம்," என்றார். "இந்தப் பேரு எனக்கு ஏற்கெனவே இருக்குன்னு காலையிலயே சொல்லித் தொலைச்சிருந்தா, ஒரு கத்தரிக்கா குடுத்திருப்பேனா?"

ஆட்டோவில் திரும்பி வரும்போது சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. ஆட்டோக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

ஆபீசுக்கு வந்து, புதுச் சொல்லை நானே சர்வரில் தனி இடத்தில் வைத்தேன். திரைப்பக்கத்திலிருந்து எவ்வளவு இழுத்தாலும் வராத இடம். மறுநாள் முகூர்த்தத்துக்குச் சரியான விலை சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது; சமையல்காரர்கள் வந்தார்கள், மண்டி நடந்தது. கத்தரிக்காய் மெசேஜை அனுப்பியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மேலாளர், அந்தச் சொல் இருக்கும் இடத்துக்குத் தனக்கு இருந்த அனுமதியை எடுத்துவிடும்படி அவரே கேட்டுக்கொண்டார். தான் செய்ததற்கு அதுதான் பிராயச்சித்தம் என்றார். நானும் எடுத்துவிட்டேன்.

பிராயச்சித்தம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவிக்கும் வரிசையில் மண்டிக்காரரை அவர் அடிக்கடி பார்ப்பதுண்டு. நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டார். மண்டிக்காரர், "அதை விடுங்க சாமி, சௌக்கியமா?" என்று கும்பிட்டாராம். கும்பிட்டுவிட்டு லேசாகச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு மேலாளரின் நிம்மதியைக் குலைத்துவிட்டது. ஆபீசுக்கு வந்ததும் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்பார்: "அந்தப் புதுச் சொல், அடியேனைப் பத்தியா?"

"சொல்லக் கூடாது சார்."

"சொல்ல வேண்டாம். ஆமா, இல்லைன்னு தலையை மட்டும் ஆட்டினாப் போறும்."

நான் தலையை ஆட்டவில்லை. அடுத்தமுறை கோயிலில் பார்த்துவிட்டு வந்தும் கேட்டார். அதற்கடுத்த முறையும் கேட்டார்.

நான் ஓய்வு பெற்ற அன்று, என் பொறுப்பில் இருந்த சாவிகளையெல்லாம் மாற்றும் வழக்கப்படி, மண்டிக்காரரின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்கள். அவரே போன் செய்து, சங்கரியிடம் புதிதாக ஒன்றைச் சொன்னார். மாலையில் வழியனுப்பு விழா முடிந்து படியிறங்கும்போது, எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட மேலாளர், மாலையும் பையுமாக இருந்த என்னோடு கூடவே இறங்கி வந்தார்.

"இனிமே அந்தப் பழைய சொல் எந்தப் பூட்டையும் தெறக்காது," என்றார். "அதைச் சொன்னா யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இப்பவாவது சொல்லலாமே?"

எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதைக்கு எதையும் சொல்லலாம். ஒரு கணம் சொல்லிவிடத்தான் தோன்றியது.

"பூட்டு மாறிடுச்சு சார்," என்றேன். "ஆனா அவ்வளவு அவமானப்பட்ட அன்னிக்கும் அவர் நம்மளை நம்பி, என் காதுல சொன்ன சொல்லு சார் அது."

அவர் படியிலேயே நின்றுவிட்டார். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். நான் சொன்னதன் நியாயம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. கீழே வாசல்வரை அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஆட்டோ பிடித்து, பையை உள்ளே வைத்து, கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்போ அது அடியேனைப் பத்திதான்."